முன் ஸ்ப்ராக்கெட்டில் பல்லை மட்டும் பார்த்தால் போதாது

செயினையும், அது சுற்றி ஓடும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க, மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பின்சக்கரத்தின் அருகே குனிந்து அங்குள்ள பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பற்களைப் பார்க்கிறார்கள். அது கண்ணுக்கு எதிரே இருக்கிறது, பார்ப்பது எளிது. முன் ஸ்ப்ராக்கெட் என்ஜினின் ஓரத்தில் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த ஸ்ப்ராக்கெட் எதன் மேல் அமர்ந்திருக்கிறதோ, அந்தத் தண்டு இன்னும் உள்ளே மறைந்திருக்கிறது. பெரிய செலவு வைக்கும் பழுது தொடங்குவது அங்கேதான்.

பற்கள் தேய்வது இயல்பு. அதற்காகத்தான் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி மாற்றும் பாகமாகச் செய்திருக்கிறார்கள். தண்டு தேய்வது அப்படியல்ல. ஸ்ப்ராக்கெட்டை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். தண்டை மாற்ற வேண்டுமானால் பெரும்பாலான வண்டிகளில் என்ஜினை இறக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். எனவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே நோக்கத்தோடு எழுதப்பட்டது: தேய வேண்டியது ஸ்ப்ராக்கெட், காப்பாற்ற வேண்டியது தண்டு. இதுவரை அந்த மூடியைத் திறந்தே பார்த்திராதவர்களுக்காக எழுதுகிறேன்.

தண்டும் துளையும்

கியர்பாக்ஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அவுட்புட் ஷாஃப்ட். அதன் மேற்பரப்பில் நீளவாக்கில் மேடும் பள்ளமுமாக வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு ஸ்ப்ளைன் என்று பெயர். ஸ்ப்ராக்கெட்டின் நடுத்துளையிலும் அதே வரிகள் எதிர்மாறாக இருக்கும். ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் அமர்வதால் தண்டு சுழலும்போது ஸ்ப்ராக்கெட்டும் சுழல்கிறது.

அந்தச் சிறிய வரிகள் தாங்கும் சுமை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். என்ஜின் 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சுக்கு முந்திய கியர் அதை 3 மடங்காக்குகிறது, முதல் கியர் மேலும் 2.7 மடங்காக்குகிறது. அவுட்புட் ஷாஃப்டுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 243 நியூட்டன் மீட்டர். 520 அளவுச் செயினுக்கான 15 பல் ஸ்ப்ராக்கெட்டில், செயின் ஓடும் வட்டத்தின் ஆரம் 38 மி.மீ. அங்கே செயினை இழுக்கும் விசை சுமார் 650 கிலோ எடைக்குச் சமம். ஸ்ப்ளைன் இருப்பதோ மையத்திலிருந்து 12 மி.மீ. தொலைவில்தான். ஆகவே அங்கே அதே முறுக்குவிசை இரண்டு டன்னுக்கு மேற்பட்ட அழுத்தமாகிறது. பொருத்தம் சரியாக இருந்தால் எல்லா வரிகளும் இந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். பொருத்தம் தளர்ந்தால் சில வரிகளின் விளிம்புகள் மட்டும் மொத்தத்தையும் சுமக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் பெரும்பாலும் ஒரே முகத்தில்தான் அடி வாங்குகின்றன. முன் ஸ்ப்ராக்கெட்டில் பல்லின் முன்முகம், அதாவது சுழலும் திசையை நோக்கிய முகம், தேயும். பின் ஸ்ப்ராக்கெட்டில் அதற்கு எதிர்முகம். ஸ்ப்ளைன் நிலைமை வேறு. வேகமெடுக்கும்போது ஒரு பக்கம் அழுத்தம், கையைத் தளர்த்தி என்ஜின் பிரேக் பிடிக்கும்போது மறுபக்கம் அழுத்தம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டியில் இந்த முன்பின் இடி ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை விழும் என்று எண்ணிப் பாருங்கள். துளைக்கும் தண்டுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு இடியும் சுத்தியல் அடிதான்.

உங்கள் வண்டியில் எந்த வகை?

ஸ்ப்ராக்கெட் தண்டிலிருந்து வெளியே வழுக்கிவிடாமல் பிடித்து வைக்கச் சில முறைகள் உண்டு. எது சரியான பொருத்தம், எது பழுது என்பது இந்த வகையைப் பொறுத்தது. அதனால் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறிய, நடுத்தர வண்டிகளில் அதிகம் காணப்படுவது லாக் பிளேட் முறை. நடுவில் வரிகள் கொண்ட ஒரு தட்டு, ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின் தண்டில் நுழைக்கப்பட்டு, தண்டில் வெட்டிய வளையப் பள்ளத்துக்கு வந்ததும் சற்றே திருப்பப்படுகிறது. பின் இரண்டு சிறிய போல்ட்டுகள் அதை ஸ்ப்ராக்கெட்டோடு இணைக்கின்றன. இந்த வகையில் ஸ்ப்ராக்கெட் பக்கவாட்டில் லேசாக நகரும். செயினின் கோட்டுக்கு ஏற்பத் தானே ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. முதன்முதலாகக் கையால் ஆட்டிப் பார்ப்பவர்கள் இதைப் பழுது என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, தண்டின் முனையிலுள்ள மரையில் ஒரு பெரிய நட் இறுக்கும் முறை. நட்டுக்கு அடியில் மடிக்கக்கூடிய லாக் வாஷரோ, கிண்ணம் போல் லேசாகக் குழிந்த வாஷரோ இருக்கும். சில வண்டிகளில் நட்டுக்குப் பதில் தண்டின் மையத்தில் ஒரு போல்ட் இறங்கும். இங்கே ஸ்ப்ராக்கெட் எந்தத் திசையிலும் அசையக் கூடாது. நட் தரும் இறுக்கமே சுமையின் ஒரு பகுதியை உராய்வால் தாங்குகிறது. நட் தளர்ந்தால் அந்தச் சுமை முழுவதும் ஸ்ப்ளைன் மேல் விழுகிறது. ஆகவே இந்த வகையில் தளர்ந்த நட்டோடு ஓட்டுவதுதான் தண்டைக் கெடுக்க மிக விரைவான வழி.

மூன்றாவது, மண்பாதையில் ஓடும் வண்டிகளில் காணப்படும், தண்டின் பள்ளத்தில் அமரும் சர்க்ளிப் என்ற பிளவு வளையம். இதிலும் சிறு பக்கவாட்டு அசைவு இயல்பே.

மூடியைத் திறப்பதற்கு முன்

ஓட்டும்போதே சில அறிகுறிகள் தெரியும். ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் இடது காலருகே, அல்லது உங்கள் வண்டியில் செயின் எந்தப் பக்கமோ அங்கே, 'டக்' என்று உலோகச் சத்தம். மெதுவாகப் போகும்போது முன்னும் பின்னும் உதறல். இதே அறிகுறிகளைத் தொங்கிப்போன செயினும், பின்சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர் கட்டைகளின் தேய்மானமும் தரும். எனவே சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூடியைத் திறந்து பாருங்கள்.

வண்டியை நடுஸ்டாண்டிலோ, பின்சக்கரம் தரையைத் தொடாமல் உறுதியாக நிற்கும் தாங்கியிலோ நிறுத்துங்கள். என்ஜின் அணைந்திருக்கட்டும், சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைப்பவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். இந்த வேலையில் எந்தக் கட்டத்திலும் என்ஜின் ஓட வேண்டிய தேவையே இல்லை.

பல வண்டிகளில் மூடியைக் கழற்ற முதலில் கியர் லீவரைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றுவதற்கு முன் லீவரின் பிளவும் அதன் தண்டும் எங்கே சேர்கின்றன என்று மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது ஒரு வரி தள்ளி மாட்டி, கால் எட்டாமல் அவதிப்படுவீர்கள். மூடிக்குள் கிளட்சின் தள்ளுகம்பியோ, நியூட்ரல் சுவிட்ச் ஒயரோ, வேகமானியின் சென்சாரோ இருக்கலாம். பிடித்து இழுக்காமல் பார்த்துக் கழற்றுங்கள். மூடியின் திருகுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள்.

துடைப்பதற்கு முன் பாருங்கள்

மூடி திறந்ததும் கறுத்த மசகும் மண்ணும் சேர்ந்த திட்டு கண்ணில் படும். கை உடனே துணியைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். அந்த அழுக்குதான் சாட்சி. டார்ச் அடித்து, ஸ்ப்ராக்கெட்டின் மையத்தில், தண்டும் துளையும் சேரும் கோட்டைப் பாருங்கள்.

அங்கே காவிக்கல்லை அரைத்தது போன்ற செம்பழுப்புத் தூள் கசிந்திருந்தால் உள்ளே உலோகம் உலோகத்தை அரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செயின் எண்ணெயோடு கலந்திருந்தால் அது செங்குழம்பாகத் தெரியும். இது மழையில் நனைந்து வந்த துரு அல்ல. மழைத்துரு வெளிப்பரப்பு முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் படரும். இந்தத் தூளோ மிக நுண்ணியது, சேர்க்கைக் கோட்டிலிருந்து மட்டும் வெளிவரும். இறுக அழுந்திய இரு பரப்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முன்பின் அசையும்போது நுண்துகள்கள் பெயர்கின்றன, காற்றுபட்டு இரும்பு ஆக்சைடாக மாறுகின்றன. அந்த ஆக்சைடு கடினமானது. வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சிக்கி, அரைக்கும் பசையாக வேலை செய்கிறது. தேய்மானமே அடுத்த தேய்மானத்துக்கான கருவியாகிவிடுகிறது.

என்ஜின் ஆயில் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டின் பின்னால், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் இருக்கிறது. சில வண்டிகளில் தண்டின் மேல் ஒரு காலர் குழாயும் அதற்குள் ஒரு சிறு ரப்பர் வளையமும் உண்டு. ஈரமாக, புதிய எண்ணெயின் நிறத்தில் கசிவு இருந்தால் அவற்றில் ஒன்று போய்விட்டது.

இனி கழற்றாமலேயே ஆட்டத்தைப் பார்க்கும் முறை. தண்டின் முனையிலிருந்து ஸ்ப்ராக்கெட்டின் முகம் வரை குறுக்காக ஒரே நேர்கோட்டை மெல்லிய மார்க்கரால் போடுங்கள். வண்டியை முதல் கியரில் போட்டு, உதவிக்கு இருப்பவரைப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கோட்டை மட்டும் பாருங்கள். தண்டும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே அசைந்தால், அது கியர்பாக்ஸுக்குள் உள்ள இயல்பான இடைவெளி. கோடு இரண்டாக உடைந்து, தண்டின் பாதி நிற்க ஸ்ப்ராக்கெட்டின் பாதி மட்டும் நகர்ந்தால், அது ஸ்ப்ளைனின் ஆட்டம். இந்த எளிய கோடு இல்லாமல் கையால் மட்டும் ஆட்டிப் பார்த்தவர்கள், கியர்பாக்ஸின் அசைவையும் ஸ்ப்ளைனின் அசைவையும் குழப்பிக்கொண்டு நல்ல தண்டைப் பழுது என்றும், பழுதான தண்டை நல்லது என்றும் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

நட் வகையில் கோடு துளியும் உடையக் கூடாது. லாக் பிளேட், சர்க்ளிப் வகைகளில் லேசான உடைவு இருக்கலாம். பற்கள் இருக்கும் வட்டம் ஸ்ப்ளைனைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெரியது. எனவே பல் முனையில் 1 மி.மீ. அசைவு தெரிந்தால் ஸ்ப்ளைனில் அது மூன்றில் ஒரு பங்குதான்.

கழற்றும் வரிசை

புதியவர்கள் அதிகம் தவறுவது வரிசையில்தான். செயினை முதலில் தளர்த்திவிட்டால் நட்டைத் திருப்பும்போது எதிர்ப்புக் கொடுக்க எதுவும் இருக்காது. எனவே நட் முதலில், செயின் பிறகு.

லாக் வாஷரின் மடிந்த ஓரத்தை உளியாலோ அகலமான திருப்புளியாலோ முழுமையாக நிமிர்த்துங்கள். பாதி நிமிர்த்திவிட்டு நட்டைத் திருப்பினால் மரை கெடும். சரியான அளவு சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும் வேண்டும். ஒருவர் பின்பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க, மற்றவர் நட்டைத் தளர்த்த வேண்டும். கியரில் போட்டுவிட்டு அதன் பலத்தில் மட்டும் நட்டைத் திருப்பாதீர்கள். அந்த விசை முழுவதும் கியர்களின் பற்கள் வழியாகப் போகும். சக்கரக் கம்பிகளுக்கு நடுவே இரும்புத் தடி செருகுவதும் வேண்டாம். மரை எந்தப் பக்கம் என்று கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

லாக் பிளேட் வகையில் இரண்டு சிறு போல்ட்டுகள்தான். அவை எளிதில் தலை உடையக்கூடியவை. துளையைச் சுத்தம் செய்து, சாக்கெட் முழுவதும் இறங்கியதா என்று பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

பிறகு பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, செயின் சரிசெய்யும் திருகுகளை விட்டு, சக்கரத்தை முன்னே தள்ளுங்கள். செயின் தொங்கியதும் ஸ்ப்ராக்கெட் செயினோடு சேர்ந்தே வெளியே வழுக்கி வரும். வராமல் அடம்பிடித்தால் அதுவே ஒரு செய்தி: தேய்ந்த வரியின் ஓரத்தில் மடிப்பு எழும்பித் துளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுத்தியலால் தண்டைத் தட்டாதீர்கள். அந்த அடி நேராகப் பேரிங்கில் இறங்கும். என்ஜின் உறையை முட்டுக்கொடுத்து நெம்பாதீர்கள். அது வார்ப்பு அலுமினியம், விரிசல் விடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு, சில மணி நேரம் பொறுத்து, கொக்கிகள் கொண்ட புல்லரால் இழுங்கள்.

ஸ்ப்ளைனைப் படிப்பது

இப்போதுதான் துடைக்கும் நேரம். மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போதும். ஆயில் சீலின் உதட்டைப் பிரஷால் தேய்க்காதீர்கள்.

முதலில் பழைய ஸ்ப்ராக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறாமீனின் துடுப்பு போல் ஆகியிருந்தால், அல்லது நுனி கூர்மையாகிக் கொக்கி போல் வளைந்திருந்தால், அதன் காலம் முடிந்தது. பற்களின் பக்கவாட்டில் பளபளப்பான தேய்வு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் முன்னும் பின்னும் நேர்கோட்டில் இல்லை. பற்களைப் பார்த்ததோடு நிற்காமல் துளையைப் பாருங்கள். நல்ல துளையில் ஒவ்வொரு வரியின் பக்கச் சுவரும் தட்டையாக, விளிம்பு வரை ஒரே சாய்வில் இருக்கும். கெட்ட துளையில் சுவர் குழிந்து, வரியின் தலை குறுகிக் கூம்பாகியிருக்கும். லாக் பிளேட்டின் துளையையும் அப்படியே பாருங்கள். அது மெல்லியது, முதலில் தேய்வதும் பல நேரங்களில் அதுதான்.

அடுத்து தண்டு. நகத்தை ஒரு வரியின் பக்கச் சுவரில் வைத்து, தண்டின் முனையிலிருந்து உள்நோக்கி மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். ஸ்ப்ராக்கெட் அமர்ந்த இடத்தில் நகம் ஒரு படியில் தடுக்கினால் தண்டு தேய்ந்திருக்கிறது. ஸ்ப்ராக்கெட்டின் தடிமன் அளவுக்கு மட்டும் தேய்வு இருக்கும், அதற்கு வெளியே தண்டு புதிதாகவே இருக்கும். அதனால்தான் படி உண்டாகிறது. நிறம் மட்டும் மாறி, நகம் தடுக்கவில்லை என்றால் நிம்மதி. எல்லா வரிகளையும், இரண்டு பக்கச் சுவர்களையும் பாருங்கள்.

தேய்வின் அளவை அறிய எனக்குப் பிடித்த சோதனை இது. புதிய ஸ்ப்ராக்கெட்டைத் தண்டின் முனையில், தேயாத பகுதியில் மட்டும் சிறிதளவு நுழைத்து, இடவலமாகத் திருகிப் பாருங்கள். அந்த ஆட்டம் எவ்வளவு என்பதைக் கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பிறகு முழுவதும் உள்ளே தள்ளி, அதன் உரிய இடத்தில் மறுபடி திருகிப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட் ஒன்றுதான், துளை ஒன்றுதான்; இரண்டு ஆட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் தண்டின் தேய்வு. வேறுபாடு தெரியவில்லை என்றால் பழைய ஆட்டம் எல்லாம் பழைய ஸ்ப்ராக்கெட்டின் துளையினால் வந்தது. புதியதை மாட்டினால் போதும். உரிய இடத்தில் பல் முனையில் 2 மி.மீ. அளவுக்கு அசைந்தால் அந்தத் தண்டை நான் நம்ப மாட்டேன். இந்த எண் என் கைப்பழக்கத்தில் வந்தது, தயாரிப்பாளர்களின் விதியல்ல.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? தண்டின் எஃகு மேற்பரப்பில் மட்டுமே மிகக் கடினமாக்கப்பட்டது. உள்ளே சற்று மென்மையாக, உடையாமல் வளைந்து கொடுக்கும் தன்மையோடு விட்டிருப்பார்கள். கடினத் தோல் தேய்ந்து தீரும்வரை தேய்வு மெதுவாகப் போகும். தீர்ந்தபின் வேகமெடுக்கும். கடைசியில் வரிகள் மழுங்கி, என்ஜின் உறும, வண்டி நகராமல் நின்றுவிடும்.

கையோடு தண்டை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். பேரிங் நன்றாக இருந்தால் கைக்கு எந்த ஆட்டமும் தெரியாது. தெரிந்தால், புதிய ஸ்ப்ராக்கெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஸ்ப்ளைன் மீண்டும் தேயும்.

புதியதைத் தேர்வு செய்தல்

ஸ்ப்ராக்கெட் வாங்கும்போது பல் எண்ணிக்கையும் செயின் அளவும் எல்லோரும் கேட்பது. 428 செயினுக்குக் கண்ணிகளின் இடைவெளி 12.7 மி.மீ.; 520, 525, 530 மூன்றுக்கும் 15.875 மி.மீ., அகலத்தில்தான் வேறுபடும். அதனால் 520 செயினை 530 ஸ்ப்ராக்கெட்டில் மாட்ட முடியாது.

கேட்க மறப்பது துளையைச் சுற்றியுள்ள தடிமனை. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துக் காலிப்பரால் அளந்து பாருங்கள். அசல் பாகத்தில் நடுப்பகுதி தடித்து, ஒரு கழுத்து போல் நீண்டிருக்கும். மலிவான மாற்றுப் பாகம் தட்டையான தகடாக இருக்கும். வரிகள் ஒன்றையொன்று தொடும் நீளம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும். நல்ல பற்கள் கொண்ட, மெல்லிய நடுப்பகுதி உள்ள ஸ்ப்ராக்கெட் சில மாதங்களில் தண்டைக் கடித்துவிடும். இந்த ஓர் இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று மன்றாடியே சொல்வேன். அதேபோல் பக்கவாட்டில் ரப்பர் ஒட்டிய அசல் ஸ்ப்ராக்கெட் என்றால், ரப்பர் இல்லாததை மாட்டினால் சத்தம் கூடும்.

பல் எண்ணிக்கையைக் குறைத்தால் வண்டி சுறுசுறுப்பாகப் புறப்படும். செயின் கூடுதலாக மடங்க வேண்டியிருக்கும், தேய்வும் கூடும். முன்னே ஒற்றைப்படைப் பல்லும் செயினில் இரட்டைப்படைக் கண்ணியும் இருப்பது நல்லது. 14 பல்லும் 112 கண்ணியும் என்றால் ஒரே பல் ஒரே கண்ணிகளை மட்டுமே திரும்பத் திரும்பச் சந்திக்கும். 15 பல் என்றால் சந்திப்பு மாறிக்கொண்டே இருக்கும், தேய்வு பரவும்.

செயினையும் அளந்துவிடுங்கள். 520 செயினில் 20 கண்ணிகளின் நீளம் புதிதில் 317.5 மி.மீ. அது 320.7 ஆகிவிட்டால் 1 சதவீதம் நீண்டுவிட்டது. அந்தச் செயினைப் புதிய ஸ்ப்ராக்கெட்டின் மேல் போடுவது புதிய பற்களைப் பழைய செயினின் அளவுக்குத் தேய்க்கக் கொடுப்பதற்குச் சமம். சேர்த்தே மாற்றுங்கள்.

மாட்டுதல்

தண்டின் வரிகளில் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். அள்ளிப் பூசினால் மண்தான் ஒட்டும். தேய்ந்த ஓரங்களில் முள் எழும்பியிருந்தால் நுண்ணிய அரத்தால் அதை மட்டும் நீக்குங்கள், சுவரைத் தொடாதீர்கள். ஆயில் சீலோ ரப்பர் வளையமோ கசிந்திருந்தால் மாற்ற இதுவே நேரம்.

ஸ்ப்ராக்கெட்டுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் உண்டு. பழையதைக் கழற்றும்போதே எந்த முகம் வெளியே இருந்தது என்று குறித்து வைத்திருங்கள். திருப்பி மாட்டினால் செயினின் கோடு சில மி.மீ. விலகி, பற்களும் ஸ்ப்ளைனும் சாய்வாக இழுபடும். கையால் தள்ளினாலே போய் அமர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ தவறு.

லாக் வாஷரையும் சர்க்ளிப்பையும் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை மடித்து நிமிர்த்திய இடத்தில் உலோகம் ஏற்கெனவே களைத்துவிட்டது. சர்க்ளிப் பள்ளத்தில் முழுவதும் இறங்கியதா என்று அதைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். செயினை மாட்டி, பின்பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பெரிய நட்டுகளுக்குப் பல வண்டிகளில் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியும், லாக் பிளேட்டின் 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியும் இருக்கும். ஆனாலும் உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. பிறகு வாஷரின் ஓரத்தை நட்டின் தட்டையான முகத்தோடு ஒட்டி மடியுங்கள்.

செயின் தொய்வு அடுத்தது. சாலை வண்டிகள் பலவற்றில் 25 முதல் 35 மி.மீ. வரை சொல்லியிருப்பார்கள். சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து, எங்கே மிக இறுக்கமோ அங்கே இந்த அளவு இருக்கும்படி வையுங்கள். தொங்கும் செயினைப் பார்த்து அஞ்சுபவர்கள், விறைத்த செயினைப் பார்த்து அஞ்சுவதில்லை. நான் விறைத்ததைத்தான் அதிகம் அஞ்சுவேன். முன் ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போது செயின் மிக இறுகும். பாரம் ஏற்றிக் குழியில் இறங்கும்போது அந்த இழுப்பு முழுவதும் தண்டின் முனையையே வளைக்கப் பார்க்கும். பேரிங், சீல், ஸ்ப்ளைன் மூன்றும் அதில் கெடும்.

நேர்கோட்டைச் சரிபார்க்க ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயின் நெடுகப் பாருங்கள். வளைவு தெரிந்தால் திருத்துங்கள்.

தண்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தால்

லேசான படி மட்டும் என்றால், நடுப்பகுதி தடித்த ஸ்ப்ராக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள். அது தேயாத வரிகளையும் சேர்த்துப் பிடிக்கும். இதுவே எளிய, திருப்பி எடுக்கக்கூடிய வழி. ஸ்ப்ராக்கெட்டை வளையம் வைத்து வெளியே நகர்த்துவதும் உண்டு. பின் ஸ்ப்ராக்கெட்டையும் அதே அளவு நகர்த்த முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

இன்னும் தேய்ந்திருந்தால், காற்று இல்லாத இடைவெளியில் இறுகும் பொருத்துப்பசை இருக்கிறது. லாக்டைட் 660 அரை மி.மீ. வரையான இடைவெளியை நிரப்பும். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்து, தடவி, மாட்டி, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். மறுமுறை கழற்றச் சூடேற்ற வேண்டும், அப்போது ஆயில் சீல் தப்பாது. லாக் பிளேட் வகையில் இதைச் செய்தால் ஸ்ப்ராக்கெட் பக்கவாட்டில் ஒதுங்கும் சுதந்திரத்தை இழக்கும். எனவே செயின் கோடு பிசகாமல் இருக்க வேண்டும்.

ஸ்ப்ராக்கெட்டைத் தண்டோடு பற்றவைப்பதைக் கடைசி வழி என்றே சொல்வேன். கடினமாக்கிய எஃகில் பற்றுவைப்பு விரிசல் விடலாம். செய்தே ஆக வேண்டுமென்றால் பேட்டரியையும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பிரித்துவிட்டு, பூமிக் கவ்வியை ஸ்ப்ராக்கெட்டிலேயே மாட்டச் சொல்லுங்கள். சட்டத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் குண்டுகள் வழியாகப் போய் அவற்றைப் பொத்தல் போடும். அடுத்த முறை கழற்ற அரைத்துத்தான் எடுக்க வேண்டும். நெடுநாள் வைத்துக்கொள்ளப் போகும் வண்டி என்றால் அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துப் புதிய தண்டு போடுங்கள்.

புதிய ஸ்ப்ராக்கெட் போட்டு 500 கிலோமீட்டர் ஓடியதும் மூடியை மீண்டும் திறந்து பாருங்கள். நட் நகர்ந்திருக்கிறதா, மார்க்கர் கோடு உடைகிறதா, சேர்க்கைக் கோட்டில் காவித் தூள் தெரிகிறதா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தூள் இல்லையென்றால் மூடிவிட்டு ஓட்டுங்கள். பிறகு செயினைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு மூன்றாவது முறையும் இந்த மூடியையும் திறந்து அதே சேர்க்கைக் கோட்டைப் பாருங்கள்.